பின்னியல்: டிராக்டருக்குப் பின்னால் பெட்டி கட்டி இழுப்பது குறித்த ஒரு முன்னோடி ஆய்வு

1. ஆய்வு இடைவெளி

தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் உச்சிக்கல் எப்படி மேலே போனது என்று எழுதப்பட்ட தாள்களை அடுக்கினால், சாரமும் வேண்டாம், சரிவுப்பாதையும் வேண்டாம், அந்தத் தாள்மீதே நடந்து விமானத்தின் உச்சிக்குப் போய்விடலாம். அது ஒற்றைக் கல்லே அல்ல, பல துண்டுகளின் சேர்க்கை என்று ஆராய்ந்தவர்கள் எழுதியாகிவிட்டது. ஆனாலும் யூடியூபில் அது இன்றைக்கும் 80 டன் ஒற்றைக் கல்லாக, சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து யானைகள் இழுக்க ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

அதே கோயிலை ஒட்டி ஓடும் புது ஆற்றங்கரையில், தை மாசியில் எந்த நாள் நின்று பார்த்தாலும் டிராக்டர்கள் நெல் ஏற்றிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகின்றன. இவை எப்படிப் போகின்றன, ஏன் கவிழாமல் போகின்றன, போன பிறகு ஏன் பின்னால் வர மறுக்கின்றன என்பது பற்றி ஒரு தாளும் கிடையாது. ஆய்வுலகம் இதைத்தான் ‘இடைவெளி’ என்று சொல்லும். இடைவெளியைக் கண்டால் அதற்குள் ஒரு முனைவர் பட்டத்தை ரிவர்ஸில் விட்டு நிறுத்துவது மரபு. இக்கட்டுரையாளரும் மரபை மீறவில்லை.

2. வரையறை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, தன்மேல் சுமை ஏற்றிச் செல்வதற்காக அமைக்கப்படாத மோட்டார் வாகனமே டிராக்டர். மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படுவது டிரெய்லர். செமி டிரெய்லரும் சைடு காரும் இதில் சேரா. டெல்டாவில் டிரெய்லரைப் பெட்டி என்பார்கள்.

மட்கார்டில் இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்து போகிறார்களே, அவர்கள் சுமையா என்று கேட்டால், இல்லை, அவர்கள் ஆலோசகர்கள் (டீக்கடை, காலை 6 மணி). ஆலோசகர்களைப் பற்றி ஏழாம் பிரிவில் விரிவாகக் காண்க.

3. இலக்கியச் சான்றுகள்

தமிழில் எந்த ஆய்வும் திருக்குறளைத் தொடாமல் வண்டியைக் கிளப்பக் கூடாது. 475-ஆம் குறள் அதிகச் சுமையைப் பற்றியது: மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பது அதன் கருத்து. 667-ஆம் குறள் பெருந்தேரின் அச்சாணியைப் பற்றியது. ஆக, ஓவர்லோடு, ஸ்பேர் பார்ட்ஸ் ஆகிய இரு துறைகளும் வள்ளுவர் காலத்திலேயே இயங்கிவந்தமை பெறப்படும்.

புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வண்டிக்காரர்களான உமணர்கள் வண்டிக்கு அடியில் கட்டி வைக்கும் மாற்று அச்சை உவமையாக்கி அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடுகிறார். இதுவே ஸ்டெப்னியின் தாய். வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் 1904-ல் இருவர் மாற்றுச் சக்கரம் செய்து விற்றதால் அந்தப் பெயர் வந்தது என்பது வரலாறு. உமணர்கள் உப்பு விற்றுக்கொண்டே வேல்ஸ் வரைக்கும் போயிருக்கலாம் என்பது கருதுகோள் (ஓலைச்சுவடி, கறையான் தின்றுவிட்டது, கறையானிடம் விசாரணை நடக்கிறது).

4. வகைப்பாடு

மாடு இழுப்பது: பழையது. மாட்டுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது என்பதால் சண்டையும் கிடையாது.

குட்டி யானை: டாடா ஏஸ், 2005 முதல். யானை என்று பேர்தானே தவிர எதையும் இழுப்பதில்லை, சுமக்கிறது. ஆய்வுக்கு உட்படாது.

மனிதர் இழுப்பது: திருவாரூர் ஆழித்தேர். சுமார் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. பல ஆண்டு நின்றிருந்து 1970-ல் மறுபடி ஓடியது. முன்னால் வடம், பின்னால் தள்ள புல்டோசர், சக்கரத்துக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக். இத்தனை இருந்தும் தேரைத் திருப்புவதென்னவோ சக்கரத்தின் அடியில் சொருகும் முட்டுக்கட்டைதான். முட்டுக்கட்டை போடுவது என்றால் காரியத்தைக் கெடுப்பது என்று ஊரெல்லாம் பொருள் கொள்கிறது. திருவாரூரில் மட்டும் அது ஸ்டீயரிங்.

வெளிநாட்டார் வகை: நடுத்தரப் பிக்கப் வண்டியின் பின்னால் சிறு வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது. வீட்டுக்குள் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. நம் கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி ஜமக்காளம் விரித்து வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போனவர்கள் செய்ததும் இதுதான். கழிப்பறையை மட்டும் வழியில் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த வெளிநாட்டாரிடம் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. பெட்டியின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு, இழுக்கும் வண்டியின் கொக்கிமேல் அழுந்த வேண்டும். குறைந்தால் பெட்டி சாலையில் பாம்பாக நெளியும். கூடினால் இழுக்கும் வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும். முன்சக்கரம் தரையில் பட்டும் படாமலும் போனால் ஸ்டீயரிங்கைத் திருப்பி என்ன பயன்? 2,000 கிலோ பெட்டி என்றால் 200 முதல் 300 கிலோ. கொள்முதல் நிலையக் கணக்கில் ஒரு சிப்பம் 40 கிலோ. ஆக ஐந்திலிருந்து ஏழரைச் சிப்பத்தின் கனம் கொக்கியில் இருக்க வேண்டும். நம் ஊர் லோடுமேன் இதற்குப் பென்சில் எடுப்பதில்லை. “முன்னாடி ரெண்டு மூட்ட கூடப் போடுண்ணே” என்பார். விடை அதேதான்.

இதன் தத்துவம் டீக்கடைப் பெஞ்சில் முன்பே நிறுவப்பட்டது. ஒரு ஓரத்தில் இருப்பவர் சொல்லாமல் எழுந்தால் மறு ஓரத்தில் இருப்பவர் கீழே விழுவார் (அதே டீக்கடை, இரண்டாம் பதிப்பு, சர்க்கரை கம்மி, விழுந்தவரின் முன்னுரையுடன்).

5. மாசி ஆய்வு

டெல்டாவில் மாஸி ஃபெர்குசன் டிராக்டருக்கு ‘மாசி’ என்று பெயர். சம்பா, தாளடி அறுவடை மாசியில் முடிகிறது. பெட்டிகள் அதிகம் ஓடுவதும் மாசியில்தான். எனவே டிராக்டரின் பெயர் மாதத்திலிருந்து வந்தது என்று ஒரு சொல்லாய்வாளர் கூறுவதாக வைத்துக்கொள்வோம். இப்படிக் கூற ஆள் கிடைப்பது கடினமல்ல. ஒலி ஒத்துவந்தால் ஒப்பாரும் ஒலிம்பிக்கும் ஒரே வேர் என்று நிறுவ நம்மிடம் எப்போதும் ஒருவர் தயாராக இருக்கிறார்.

உண்மை இதைவிடச் சுவையானது. ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர், டிராக்டரின் பின்னால் மூன்று புள்ளிகளில் கலப்பையைப் பிணைக்கும் முறையை உருவாக்கினார். அதற்கு முன்பெல்லாம் கலப்பை கல்லில் மாட்டினால் டிராக்டர் முன்காலைத் தூக்கி ஓட்டுநரின் மேலேயே மல்லாக்கக் கவிழ்ந்துவிடும். பெட்டி கட்டும் கொக்கியைத் தாழ்வாக வைப்பதும் அதே பயத்தால்தான். 1960-ல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கி, மாசி தமிழ்நாட்டிலேயே தயாராகத் தொடங்கியது.

பெட்டி வீடு இழுத்த கதையும் ஃபெர்குசனுக்கு உண்டு. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, மூன்று ஃபெர்குசன் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு 1958 ஜனவரி 4 அன்று தென்துருவத்தை அடைந்தார். பின்னால் சறுக்குக் கட்டைமேல் நிறுத்திய சின்னப் பெட்டி வீடு ஒன்றும் போயிற்று. வழி முழுக்கப் பனி, வெடிப்பு, பள்ளம். ஆனாலும் போய்ச் சேர்ந்தார்கள். காரணம் வெளிப்படை: அந்தக் கண்டத்தில் வழியில் நின்று யோசனை சொல்ல ஆள் இல்லை.

6. பின்

இனி ஆய்வின் மையம். பெட்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கையின் நுனியில் ஒரு வளையம். டிராக்டரின் பின்னால் இரண்டு தகடுகள், அவற்றில் துளை. வளையம் தகடுகளுக்கு நடுவே வந்து, மூன்று துளைகளும் ஒரே கோட்டில் நின்றால், மேலிருந்து ஒரு இரும்புக் கம்பியைப் போட வேண்டும். ‘டங்’ என்று சத்தம் வரும். அவ்வளவுதான். 100 சிப்பம், அதாவது 4 டன் நெல்லும் அந்தக் கட்டைவிரல் கனத்துக் கம்பியை நம்பித்தான் சாலைக்கு வருகிறது.

அந்தக் கம்பியின் பெயர் பின். வண்டியின் பின்னால் இருப்பதால் பின். ஆங்கிலேயர் இதை இங்கிருந்து கொண்டுபோய் ஊசிக்கும் வைத்துக்கொண்டார்கள் என்பது இக்கட்டுரையாளரின் தனிக் கண்டுபிடிப்பு. இதற்குச் சான்று கேட்பவர்கள் தமிழ்ப் பற்று இல்லாதவர்கள்.

பின் தொலையும் இயல்புடையது. தொலைந்த இடத்தில் திருப்புளி, போல்ட், கதிரறுக்கும் மெஷினிலிருந்து கழன்ற ஏதோ ஒன்று, ஒரு முறை கடப்பாரையின் நுனி என எல்லாம் பின்னாகப் பணியாற்றியுள்ளன. வழியில் மேடு பள்ளத்தில் குதித்து மேலே வராமலிருக்கப் பின்னின் அடியில் ஒரு சிறு ஊக்கு போட வேண்டும். அந்த ஊக்கு இருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு துண்டு சணல் இருக்கிறது (சணல், கொள்முதல் நிலைய வாசலில் அறுந்து கிடந்தது, முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பை ஆடு மேய்ந்தது, மூன்றாம் பதிப்பு சாக்கு தைக்கப் போயிற்று).

7. ரிவர்ஸ்

இதுவரை சொன்னதெல்லாம் முன்னுரை.

இரண்டு சக்கரப் பெட்டியைப் பின்னால் விடும்போது ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் பெட்டியின் வால் வலப்பக்கம் போகும். நான்கு சக்கரப் பெட்டியில் முன்சக்கரங்களும் தனியாகத் திரும்புவதால் மூட்டு இரண்டு. ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கோணிக்கொள்ளும். கோணல் ஒரு அளவைத் தாண்டினால் பெட்டி மடங்கி டிராக்டரையே முட்டும். முன்னால் கொஞ்சம் போய் நேராக்கிவிட்டு மறுபடி வர வேண்டும். ஓட்டுபவருக்கு இது தெரியும். சுற்றி நிற்பவர்களுக்கு இதைவிட அதிகம் தெரியும்.

கள ஆய்வு: ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமம். ஒரு பக்கம் வைக்கோல்போர், மறு பக்கம் சுவர், நடுவே சந்து. சந்தின் கோடியில் களத்தில் நெல் மூட்டைகள். காலிப் பெட்டி உள்ளே போக வேண்டும். அங்கே கண்டறியப்பட்ட சிந்தனைப் பள்ளிகள் ஐந்து.

‘வரலாம்’ பள்ளி. ஓட்டுநருக்குத் தெரியாத இடத்தில் நின்று “வரலாம் வரலாம் வரலாம்” என்பது. சுவரில் இடித்த பிறகு “போதும்.”

‘ஒடி’ பள்ளி. “லெஃப்ட்ல ஒடிங்கண்ணே!” யாருடைய லெஃப்ட்? ஓட்டுநர் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், கழுத்து பின்னால் திரும்பியிருக்கிறது. சொல்பவர் எதிரே நிற்கிறார். பெட்டிக்கு வேறு தனியாக ஒரு லெஃப்ட் இருக்கிறது. ஒரே சந்தில் மூன்று லெஃப்ட். தமிழக அரசியலில்கூட இத்தனை நெருக்கமாக நின்றதில்லை.

கைமொழிப் பள்ளி. உள்ளங்கையை மடக்கி விரிப்பது ‘வா’. அதையே வேகமாகச் செய்தால் ‘நில்லு’. இரண்டுக்கும் இடைப்பட்ட வேகம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு.

செல்போன் பள்ளி. மைத்துனரிடம் கல்யாணம் பற்றிப் பேசிக்கொண்டே “வா, வா” என்பது. மைத்துனரைத்தான் வரச் சொன்னார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மௌனப் பள்ளி. தோளில் துண்டு, திண்ணையில் இருப்பு. கடைசி வரை பேச்சில்லை. பெட்டி மடங்கியதும், “நான் அப்பயே நெனச்சேன்.” (காண்க: ‘அப்பயே: காலமும் கோட்பாடும்’, திண்ணையின் மேற்கு ஓரத்திலிருந்தவர் அருளியது; கிழக்கு ஓரத்தவர் மறுத்தது; காபி வந்ததால் விவாதம் ஒத்திவைக்கப்பட்டது; காபி ஆறியதால் விவாதம் சூடானது; தொகுதி 2-ஐ வீட்டு அம்மா டம்ளரோடு சேர்த்து உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.)

பல்கலைக்கழகப் பக்கம் போய் வந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழகியதாகத் தோன்றும். அங்கேயும் ஒருவர்தான் ஓட்டுகிறார். பின்னால் பார்த்துப் பார்த்து அவருக்குக் கழுத்து வலிக்கிறது. சுற்றி நிற்பவர்களுக்கு நெறியாளர், வழிகாட்டி, குழு உறுப்பினர் என்று பெயர். ஆளுக்கொரு லெஃப்ட் சொல்கிறார்கள். பெட்டி உள்ளே போனால் மேலட்டையில் எல்லார் பெயரும் வரும். இடித்தால் ஓட்டியவர் பெயர் மட்டும்.

8. முடிவுகள்

சந்தில் அன்று டிராக்டர் ஒன்பது முறை முன்னும் பின்னும் போனது. வைக்கோல்போரின் ஓரம் சரிந்தது. சுவரில் ஒரு கீறல். ஒன்பதாவது முறை ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பின்னை உருவித் தரையில் வைத்தார். களத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த எட்டுப் பேரைக் கூப்பிட்டார். இரண்டு பேர் இரும்புக் கையைத் தூக்கிப் பிடிக்க, ஆறு பேர் பெட்டியைக் கையாலேயே தள்ளி உள்ளே விட்டு, சக்கரத்துக்கு ஆளுக்கொரு செங்கல் வைத்துவிட்டு மூட்டை தைக்கப் போய்விட்டார்கள்.

இரண்டு நிமிடம் ஆனது. தள்ளியவர்களில் ஐந்து பள்ளிகளையும் சேர்ந்தவர் எவரும் இல்லை.

தரையில் வைத்த பின்னைக் காணோம். தேடிக்கொண்டிருக்கிறார்கள்.