ஜஞ்சிராவில் 45 நிமிடம்

என் மனைவி கேட்டது மாலத்தீவு. நான் எடுத்துக் கொடுத்தது ஜஞ்சிரா.

“தீவுதானே கேட்டே? அரபியில ஜஸீரான்னா தீவு. அதுதான் மருவி ஜஞ்சிரா ஆச்சு. முழுப் பேருமே தீவு. மாலத்தீவுல பாதிப் பேர்தான் தீவு” என்றேன்.

பட்டுப்புடவை கேட்டவளிடம் கைக்குட்டையை விரித்துக் காட்டிய கடைக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஆனால் நான்கு பேருக்கு விமான டிக்கெட் என்ன ஆகும் என்று செல்போனில் கூட்டிக் காட்டியதும், கைக்குட்டையையே எடுத்துக்கொண்டாள்.

நாங்கள் இருப்பது புனேயில், கோத்ரூட் பக்கம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்றரை. இரண்டும் இங்கேயே பிறந்ததால் சாப்பிடுவது தமிழில், அடம் பிடிப்பது மராத்தியில். அதிலும் மகனுக்குத் தெரிந்த மராத்தி முக்கால்வாசி ஒரே சொல்தான்: ‘நக்கோ’. வேண்டாம் என்று அர்த்தம். கடக்வாஸ்லா அணைக்கட்டைத்தான் கடல் என்று நம்பி வளர்ந்த பிள்ளைகள். உண்மையான கடலைக் காட்ட வேண்டிய கடமை எனக்கும் இருந்தது.

மாடி வீட்டு ஆஜோபாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தாத்தாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். லிஃப்ட்டில் ஏறினால் இறங்குவதற்குள் ஒரு போரையாவது முடித்துவிடுகிற மனிதர். ஜஞ்சிரா என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. “அது ஒண்ணுதான்…” என்று இழுத்தார். சிவாஜி மகாராஜா பலமுறை முயன்றும் கைக்கு வராத கோட்டை அது. பக்கத்துப் பாறையில் பத்மதுர்க் என்று எதிர்க்கோட்டையே எழுப்பிப் பார்த்தார். பலிக்கவில்லை.

நான் செஞ்சிக்காரன். வாய் சும்மா இருக்குமா? “அவ்வளவு தூரம் தெற்கே வந்து 1677-ல எங்க செஞ்சியைப் பிடிச்சார். தலைநகர் ராய்கட்டுக்குப் பக்கத்துல இருக்கிற இதை மட்டும் ஏன் விட்டார்?” என்று கேட்டுவிட்டேன். நான்கு மாடிக்கு மௌனம். கதவு திறக்கும்போதுதான் அவருக்குப் பதில் கிடைத்தது. “2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகள் சேர்ந்ததே, அதில் உன் செஞ்சி இருக்கிறது. ஜஞ்சிரா இல்லை!” என்றார். பட்டியலில் தமிழ்நாட்டுக் கோட்டை அது ஒன்றுதான். சமாதானமாகிவிட்டோம்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். நாலரைக்கே காரைத் துடைத்து, டிக்கியைத் திறந்து வைத்து, கீழே நின்றேன். அப்போதுதான் ஆஜோபா சொன்ன லாய் பாட்டீல் கதை நினைவுக்கு வந்தது. சிவாஜியின் ஆட்களுக்காக அந்தக் கோலி வீரர் ராத்திரியோடு ராத்திரியாகப் போய் ஜஞ்சிரா மதிலில் ஏணி சாத்திவிட்டுக் காத்திருந்தாராம். ஏற வேண்டிய படை வந்து சேரவே இல்லை. விடியப் போகிறது என்றதும் ஏணிகளை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாராம்.

என் படையும் வரவில்லை. ஆறு மணிக்கு மகளின் ஒரு சாக்ஸ் காணாமல் போனது. ஆறரைக்குக் கிடைத்தபோது இன்னொன்று காணாமல் போயிருந்தது. ஏழு மணிக்கு மகன் தன் பொம்மை ஜேசிபி இல்லாமல் வரமாட்டேன் என்று படியில் உட்கார்ந்தான். ஏழே முக்காலுக்குப் படை இறங்கியது. லாய் பாட்டீலின் துணிச்சலை மெச்சி மகாராஜா பல்லக்குக் கொடுத்தாராம். எனக்குக் கிடைத்தது ஒரு கேள்வி: “கேஸை மூடினீங்களா?” மறுபடி மேலே போனேன்.

தாம்ஹிணி மலைப்பாதை மழைக்காலத்தில் அருவியும் பச்சையுமாக இருக்கும். நாங்கள் போனது ஜனவரியில். பாதை முழுக்க வளைவுதான் இருந்தது. நான்காவது வளைவில் மகள், “அஜுன் கிதி வேள்?” என்றாள். இன்னும் எவ்வளவு நேரம் என்று பொருள். ஐந்தாவது வளைவிலும் அதே கேள்வி. ஆறாவது வளைவில் கேள்வியே வரவில்லை என்று நிம்மதியடைந்து திரும்பிப் பார்த்தால், காலையில் சாப்பிட்ட இட்லி வந்திருந்தது. எலுமிச்சைத் தோல் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. முகர்ந்துகொண்டே வாந்தி எடுத்தாள். தம்பி அக்காவைப் பார்த்துத் தானும் எடுத்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை, எதிலும் அக்காவுக்குக் குறையக் கூடாது என்பதுதான். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கார் சீட்டில் என்ன ஓவியம் வரையும் என்பதைப் பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டாம். படாதவர்களுக்குச் சொல்லியும் புரியாது.

மாண்காவ் தாண்டி முருட் போய்ச் சேரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கூகுள் சொன்ன நாலரை மணி நேரம் பிள்ளையில்லாதவர்களுக்குப் போட்ட கணக்கு. கடற்கரையில் தென்னை, பாக்கு மரம், ஒட்டகச் சவாரி எல்லாம் இருந்தன. மகன் கடலைப் பார்த்தான். “நக்கோ” என்றான். அன்றைக்கு அவ்வளவுதான்.

மறுநாள் காலை ராஜாபுரி படகுத்துறை. எதிரே கடலுக்கு நடுவில் கன்னங்கரேலென்று ஜஞ்சிரா, ஆமை முதுகுபோல் கிடந்தது. டிக்கெட் எடுத்தாயிற்று. பாய்மரப் படகு கிளம்பப் போகிறது. மகனைக் காணோம். பார்த்தால், துறையோரம் குந்தி உட்கார்ந்து, ஜேசிபியால் ஒவ்வொரு கூழாங்கல்லாக அள்ளிக் கடலில் போட்டுக்கொண்டிருக்கிறான்.

“என்னடா பண்றே?”

“ரோடு போடறேன்.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 1682-ல் சிவாஜியின் மகன் சம்பாஜி செய்ததும் இதையேதான். கோட்டைக்குப் படகில் போனால்தானே சுடுகிறார்கள், கடலையே கல் போட்டுத் தூர்த்து நடந்து போவோம் என்று வேலையை ஆரம்பித்துவிட்டார். முகலாயப் படை வேறு பக்கம் பாய்ந்ததால் பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. மூன்று நூற்றாண்டுக்கும் மேலாக நின்றுபோயிருந்த அந்தத் திட்டத்தை என் மகன் தொடர்ந்து நடத்திக்கொண்டிருந்தான். இந்த மகத்தான பொருத்தத்தை மனைவிக்கு விளக்கி முடிப்பதற்குள் எங்கள் படகு போய்விட்டது.

அடுத்த படகில் கைடு கதை சொன்னார். “எத்தனையோ பேர் வந்தாங்க. சித்திகிட்ட யாரும் ஜெயிக்க முடியலை.”

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எந்தச் சித்திப்பா?”

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வம்சத்தவர்களை இங்கே சித்தி என்பார்கள், 1948-ல் இந்தியாவோடு இணையும்வரை ஜஞ்சிரா அவர்கள் ராஜ்ஜியம் என்றெல்லாம் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. தாம்பரத்துச் சித்தியை மனதில் வைத்துக்கொண்டு, “ஆமாம், சித்திகிட்ட யாரும் ஜெயிக்க முடியாது” என்று தலையாட்டினாள். என் மனைவி தங்கையை விட்டுக்கொடுக்க முடியாமலும் மறுக்க முடியாமலும் கடலைப் பார்த்துக்கொண்டாள்.

கைடு தொடர்ந்தார். ஆதியில் இந்தப் பாறையில் மரக்கோட்டை கட்டியிருந்தவர்கள் கோலி மீனவர்கள். பீரம் கான் என்பவர் வியாபாரி வேஷத்தில் வந்து, அவர்களுக்குப் பீப்பாய் பீப்பாயாகச் சாராயம் கொடுத்து மயக்கிவிட்டு, உள்ளே புகுந்து கோட்டையைப் பிடித்தாராம். ஆக ஏணியும் பீரங்கியும் கல்லணையும் பலிக்காத இடத்தில் பலித்தது ஒன்றே ஒன்று: உபசாரம். நான் என் மடியைப் பார்த்தேன். ராஜாபுரியில் மகனைப் படகில் ஏற்றுவதற்காகப் பிரித்த சிப்ஸ் பாக்கெட் காலியாகக் கிடந்தது. வரலாறு படிக்காமலே அந்த முடிவுக்கு வந்திருக்கிறேன்.

படகு கிட்டே போகப் போக மதில்தான் உயர்ந்துகொண்டே வந்தது, வாசலைக் காணோம். “கதவே இல்ல, வீட்டுக்குப் போலாம்” என்று மகன் ராகம் எடுத்தான். அதுதான் கட்டியவர்களின் சாமர்த்தியம். கரையிலிருந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வாசல் கண்ணில் படாது. மதிலை ஒட்டி வந்ததும் இரண்டு கொத்தளங்களுக்கு நடுவிலிருந்து சட்டென்று வெளிப்பட்டது. மகன் பாதி அழுகையில் வாயைத் திறந்தபடி நிறுத்திவிட்டான்.

படகு ஆட, படி நிலையாக நிற்க, இரண்டுக்கும் நடுவே அலை ஏறி இறங்க, ஆளாளுக்குத் தாவ வேண்டும். வாசலருகே கல்லில் ஒரு சிற்பம்: புலியா சிங்கமா என்று தெரியாத ஒரு மிருகம், கால்களில் யானைகளை அமுக்கி, வாலிலும் ஒன்றைச் சுற்றி வைத்திருக்கிறது. “அஞ்சு யானை… இல்ல, ஆறு” என்று எண்ணிய மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஒரு தோளில் பை, மறு தோளில் இன்னொரு பை, இடுப்பில் மகன், கையில் தண்ணீர் பாட்டில், கக்கத்தில் ஜேசிபி, வாயில் அவன் தொப்பி. “அம்மா மாதிரியே இருக்கு” என்றாள். நான் சிரித்திருக்கக் கூடாது. போட்டோ எடுத்திருக்கவே கூடாது.

கோட்டைக்குள் கொடுத்த நேரம் 45 நிமிடம். கலால் பங்டி என்ற பெரிய பீரங்கியைக் காட்டி, எந்த வெயிலிலும் சூடேறாது என்றார் கைடு. மகன் உடனே கன்னத்தை வைத்துப் பார்த்தான், அப்படியே கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். பிய்த்து எடுக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. நாலாபுறமும் உப்புத் தண்ணீர் இருக்க உள்ளே நன்னீர்க் குளம். முற்றுகையைத் தாங்கிய ரகசியமே இந்தத் தண்ணீர்தான் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது மகன் என் சட்டையை இழுத்தான். “அப்பா, சூ.” கோட்டைக்குத் தண்ணீர் வரவேண்டிய கவலை, எங்களுக்குத் தண்ணீர் போகவேண்டிய கவலை. மீதி நேரம் அதற்கு மறைவிடம் தேடுவதில் போய்விட்டது. படகுக்காரர் கூவி அழைத்தார். இப்போது மகனுக்குக் கோட்டையை விட்டு வர மனமில்லை. “நக்கோ, நக்கோ” என்று அவன் கத்தியதைக் கேட்டிருந்தால் சித்தி தளபதிகள் நெகிழ்ந்து போயிருப்பார்கள். சிப்ஸும் தீர்ந்திருந்தது. தோளில் போட்டுக் கடத்திக்கொண்டு வந்தேன்.

புனே திரும்பிய இரவு, சாப்பாட்டு மேஜையில் உடன்படிக்கை கையெழுத்தானது. ஊருக்குப் பக்கத்தில்தான் புரந்தர் கோட்டை. 1665-ல் அங்கே போட்ட ஒப்பந்தத்தில் சிவாஜி 23 கோட்டைகளை முகலாயருக்கு விட்டுக்கொடுத்தார். அவர் கையில் பன்னிரண்டு கோட்டையாவது மிஞ்சியது. என் மனைவி போட்ட ஷரத்துகள் மூன்று. அடுத்த தீவை அவள் தேர்ந்தெடுப்பாள். காருக்குள் வரலாறு பேசக் கூடாது. புறப்படும் நேரத்தை நான் அறிவிக்கலாம், அது யாரையும் கட்டுப்படுத்தாது. அந்தப் போட்டோவை அழிக்க வேண்டும் என்பது எழுதாத நான்காவது. என் கையில் மிஞ்சியது கார் சீட்டைக் கழுவும் உரிமை.

மறுநாள் லிஃப்ட்டில் ஆஜோபா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார். “கவலைப்படாதே. புரந்தரில் கொடுத்ததை மகாராஜா அப்படியே விட்டாரா? 1670-ல் சிம்ஹகட்டைத் திரும்பப் பிடித்தார். ஐந்தே வருஷம் பொறு.”

எங்கள் மாடியில் கதவு திறந்தது. வீட்டுக்குள்ளிருந்து மதிலைத் தாண்டுவதுபோல் ஒரு குரல் பாய்ந்து வந்தது. “நக்கோ!”

ஆஜோபா சற்று யோசித்தார்.

“பத்து வருஷம் என்று வைத்துக்கொள்” என்றார்.