தறிச் சத்தத்தில் பேய்

மர்மக்கதை எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் பிறந்த ஊர் சேலம். அவருடைய 'விட்டுவிடு கருப்பா' நாவல், 1990களில் 'விடாது கருப்பு' ஆகித் தொலைக்காட்சியில் தமிழ்நாட்டையே மிரட்டியது. ஆனால் அவரைப் பெற்ற இந்தச் சேலம்–நாமக்கல் சமவெளியில் உட்கார்ந்து அவரைப் படித்துப் பயப்படுவது லேசுப்பட்ட காரியமில்லை.

பேய்க்கதைக்கு முதல் தேவை நிசப்தம். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் ராத்திரியிலும் விசைத்தறி ஓடும். பாழ்மண்டபத்தில் கொலுசுச் சத்தம் என்று கதை சொல்லும். நம் காதில் விழுவது பக்கத்து வீட்டுத் தறி. நாமக்கல் பக்கம் போனால் லாரியின் ஏர்ஹாரன். கதையில் வரும் காவல் தெய்வம் கருப்பனே குதிரையை ஓரங்கட்டி வழிவிடுவார். கரண்ட் போனால் நிசப்தம் வரும்தான். அப்போது புத்தகம் தெரியாது. தறிக்காரருக்கோ அது வேறு பயம்: கூலி போச்சே!

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரரை எந்த நாவலாலும் மிரட்ட முடியாது. அவர் தினமும் முட்டை விலை அறிவிப்பைப் படிக்கிறவர்.

சிரித்தே ஆளைக் கொல்வாளாம் கொல்லிப்பாவை. அவளும் விவரமாகக் கொல்லிமலை மேல்தான் இருக்கிறாள். பயந்தே தீருவேன் என்பவர்கள் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி அங்கே போய்ப் படிக்கலாம். பஸ் மேலே போய்ச் சேர்வதற்குள்ளேயே வேண்டிய பயம் கிடைத்துவிடும்; புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.