சோத்துக்கு முன்னால சும்மா இருலே

ஏலே பேராண்டி, ஜப்பானுக்குப் போயி, சோத்து உருண்டை மேல மீன் வச்ச சுஷி திங்கணுமாமே? அதுவும் மேசையில இல்லையாம். சமைக்கிறவரு முன்னால, பலகை ஓரமா, பத்துப் பேரு மட்டும் உக்காருத கடையிலயாம். சங்கரன்கோயில்ல தோளோட தோளு இடிச்சுக்கிட்டு பிரியாணி திங்க மூஞ்சியச் சுளிச்ச பயதானலே நீ?

நானும் விசாரிச்சேன். டோக்கியோவுல கின்சாங்கிற எடத்துல, ஒரு கட்டடத்துக்கு அடியில ஜிரோ ஓனோன்னு ஒருத்தரு கடை. 1925-ல பொறந்த மனுசன். மொத்தமே பத்து எடம். நீயா ஒண்ணுங் கேக்க முடியாது. அங்க வச்சதத் திங்கணும். 2014-ல ஜப்பான் பிரதமரா இருந்த அபே, அமெரிக்க அதிபரா இருந்த ஒபாமாவ அங்கதான் கூட்டிட்டுப் போனாரு. இருபது துண்டு வரும். அரை மணியில எந்திரிச்சிரலாம். காசுதான் ஆயிரமாயிரமா போவும்.

அங்கன சட்டம் என்ன தெரியுமா? செண்டு பூசிட்டு வராதே. வச்ச ஒடனே தின்னு. பாதி கடிச்சு வைக்காதே. கையால திங்கலாம், தப்பில்ல. ஏம்லே, இத்தனையும் ஒங்க ஆச்சி வட்டில்ல சோத்தப் போட்டுட்டுச் சொன்னதுதான? அவ சொன்னா பட்டிக்காடு. காசு வாங்கிட்டு ஒருத்தன் சொன்னா பண்பாடாக்கும்?

இன்னொண்ணு கேளு. டோக்கியோவுக்கு எடோன்னு பேரு இருந்த காலத்துல, 1800-கள்ல, இந்தச் சுஷி தெருவோரக் கடைப் பண்டம். வேலைக்குப் போறவன் நின்ன வாக்குல ரெண்டு உருண்டைய வாயில போட்டுட்டு நடையக் கட்டுவான். அதுக்கும் முந்தி? மீன உப்புல போட்டு, சோத்துக்குள்ள மாசக்கணக்கா பொதச்சு வைப்பாவ. மீனத் தின்னுட்டு சோத்த வீசிருவாவ. பீவா ஏரிப் பக்கம் இன்னிக்கும் அப்படியொரு பண்டம் உண்டு. கருவாட்டுக்கு மூக்கப் பொத்துத ஒனக்கு அதை மோந்து பாத்தாத் தெரியும் சேதி!

சமைக்கிறவரக் குத்தம் சொல்ல மாட்டேன். சோறு ஒடம்புச் சூட்டுல இருக்கணும்னு பாக்காரு. பேய்க்கணவாய அரை மணிக்கு மேல கையால பெசஞ்சு மெதுவாக்குதாவ. இந்தப் பக்குவத்தப் படிக்கப் பயலுவ வருசக்கணக்கா நிக்கானுவ. திங்கிறவன் எடது கைக்காரன்னு கண்டா, அடுத்த துண்ட அந்தக் கைக்குத் தக்கன திருப்பி வைப்பாராம். இதுதாம்லே சமையல்! நம்ம பரோட்டா மாஸ்டருக்குந்தான் யாருக்கு மொறுமொறுன்னு வேணும், யாருக்கு மெத்துன்னு வேணும்னு தெரியும். அவரு மூஞ்சிய என்னிக்காவது நிமிந்து பாத்திருக்கியா? போனத் தேய்ச்சுக்கிட்டே "அண்ணே, ரெண்டு பார்சல்"னு சொல்லுத ஆளு நீ.

நட்சத்திரக் கடைன்னு பீத்தாத. மிச்சலின்னு ஒரு புஸ்தகக்காரன் 2007-ல அந்தக் கடைக்கு மூணு நட்சத்திரம் குடுத்தான். 2019-ல பேரையே எடுத்துட்டான். ருசி போச்சா? இல்லலே. சாதாரண ஆளு எடம் பிடிக்க முடியாத கடை நம்ம புஸ்தகத்துல எதுக்குன்னு எடுத்துட்டான். அன்னிக்கும் அதே கைதான், அதே சோறுதான். நம்ம ஊரு சுல்தான் பிரியாணிக்கு எவன் நட்சத்திரம் குத்துனான்? வெளியூர்க்காரன் தேடி வரலையா?

போறதுன்னா போயிட்டு வா, யாரு தடுத்தா? ஆனா துண்டு முன்னால வந்ததும் மேலயிருந்து ஒரு படம், பக்கத்துல இருந்து ஒரு படம்னு எடுத்துக்கிட்டு இருக்காத. அவரு ஒன் கையப் பாத்து வைக்காரு. நீ போனப் பாத்துத் திங்கியா? மத்தியானமே எங்கயாவது ரொட்டியத் தின்னு வயித்த அடைச்சிட்டும் போவாத. பசி ருசி அறியாதுன்னு பெரியவுக சொல்லி வச்சாவ. பசிக்காதவனும் ருசி அறிய மாட்டான்லே. அவன் அறியுறதெல்லாம் பில்லு மட்டுந்தான்.