வளர்ற பையன்

எந்த ஊர்த் துணிக்கடையில் நின்றாலும் இந்த அப்பாவைப் பார்க்கலாம். பையனுக்குச் செருப்பு எடுத்தால் குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் போகிறதா என்று விட்டுப் பார்ப்பார். பள்ளிக்கூட பேண்ட் என்றால் காலில் மூன்று மடிப்பு மடித்துத் தைக்கச் சொல்வார். சைக்கிள் வாங்கினால் பையன் கால் பெடலுக்கு எட்டவே கூடாது. ஏன் சார் என்று கேட்டுப் பாருங்கள். "வளர்ற பையன்" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

இதுவரைக்கும் பெரிய சேதம் ஒன்றுமில்லை. பையன்கள் இதையெல்லாம் தாங்கிக்கொண்டு எப்படியோ வளர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பையன் என்.சி.சி.யில் சேர்ந்து, டெல்லி குடியரசு தின முகாமுக்கும் தேர்வாகி, "அப்பா, பிளேசர் வேணும்" என்று வந்து நிற்கிறானே, அன்றைக்குத்தான் வினை ஆரம்பம்.

அந்த முகாமுக்குப் போவது லேசான காரியமில்லை. யூனிட்டில் வடிகட்டி, குரூப்பில் வடிகட்டி, டைரக்டரேட்டில் வடிகட்டித்தான் அனுப்புவார்கள். நாட்டிலுள்ள 17 டைரக்டரேட்டுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து, ஜனவரி மாதத்தை டெல்லி கண்டோன்மெண்டில் கழிப்பார்கள். 2025 முகாமுக்குப் போனவர்கள் 2,361 பேர்; அதில் 917 பேர் பெண்கள். அணிவகுப்புக்கு யூனிபார்ம். விருந்து, வரவேற்பு, பெரிய மனிதர்களோடு படம் எடுத்துக்கொள்வது என்று வந்தால் நெஞ்சில் என்.சி.சி. முத்திரை வைத்த பிளேசர். அதைப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பும் பிள்ளையைத் தெருவே வேறு கண்ணோடு பார்க்கும்.

நம்மவர் அதைப் பார்க்கிற கண்ணே வேறு. டெல்லிக்கு ஒரு மாதம். அப்புறம் மாமா பையன் கல்யாணம். அப்புறம் காலேஜ் இண்டர்வியூ. அப்புறம் வேலைக்கு. முடிந்தால் பையன் கல்யாண வரவேற்புக்கே இதைப் போட்டுவிடலாம். முத்திரையை மட்டும் பிரித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவரும் ஒரு காலத்தில் கேடட். அன்றைக்கு யூனிட் ஸ்டோரில் வரிசையில் நிற்க வேண்டும். ஸ்டோர்காரர் முகத்தைப் பார்ப்பார், உயரத்தைப் பார்க்க மாட்டார். கைக்கு வந்ததைத் தூக்கிப் போடுவார். ஒன்பதாம் நம்பர் பூட்ஸுக்குள் ஏழாம் நம்பர் காலும் கொஞ்சம் பழைய துணியுமாக அணிவகுத்தவர் நம்மவர். பெல்ட்டை அவிழ்த்தால் பேண்ட் தளர்ந்து விஸ்ராமுக்குப் போய்விடும். அப்படிப் பட்டவருக்கு, சீருடைப் படியைக் கேடட் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே போடும் இந்தக் காலத்தில், உடம்புக்குச் சரியாக ஒரு கோட் தைப்பது ஊதாரித்தனமாகத்தானே தோன்றும்?

பையனுக்கு மார்பு 32 இஞ்ச். ரெடிமேட் கோட்டில் போட்டிருக்கும் நம்பரே மார்பளவுதான் என்பதால் 32 அல்லது 34 பார்க்கலாம் என்றார் கடைக்காரர். நம்மவர் 38-ஐ எடுத்து மாட்டிவிட்டார். சோளக்கொல்லை பொம்மைக்குக்கூட அப்படி யாரும் மாட்டியிருக்க மாட்டார்கள். பையன் கையைத் தேடினான். விரல் நுனி மட்டும் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனது. "கை கொஞ்சம் பெருசு, அதை மட்டும் ஆல்டர் பண்ணிக்கலாம்" என்று சொல்லி, அதையே வாங்கிக்கொண்டு பாயிடம் வந்தார்.

பாய் மதுரை புது மண்டபத்துத் தையல்காரர். மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலுக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தில், சிலைத் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டிருந்தவர்களில் ஒருவர். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது மெஷினோடு அங்கே போனார். அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிற பக்தர்களின் உடையும் தலைப்பாகையும் அங்கேதான் தைக்கிறார்கள். கருப்பசாமி வேஷத்துக்கே அளவெடுத்தவருக்குக் கேடட் எம்மாத்திரம்?

பையனைத் திருப்பி நிறுத்தி, தோளில் கை வைத்தார்.

"அண்ணே, கோட் எடுக்கிறப்ப தோளை மட்டும் பாருங்க. கை நீளம்னா குறைச்சுக்கலாம். இடுப்பு லூசுன்னா பிடிச்சுக்கலாம். தோள் இறங்கிருச்சுன்னா கையைக் கழட்டணும், பேடை எடுக்கணும், கழுத்தைப் பிரிக்கணும். அதுக்குப் புதுசே தைச்சிரலாம்."

"தோளும் வளருமில்ல பாய்?"

பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தொழிலில் முப்பது வருடம் இருப்பவர்கள் கோபத்தை இப்படித்தான் காட்டுவார்கள்.

"சரி, நீளத்தையாவது வெட்டுங்க."

"பை கீழ இருக்குண்ணே. நீளத்தை வெட்டினா பை விளிம்புக்கு வந்துரும். கையைத் தொங்கவிட்டா கட்டைவிரல் முட்டிகிட்ட கோட் முடியணும். இது தம்பிக்குத் தொடை வரைக்கும் வருது."

"ஆம்ஹோல் பெருசா இருக்கட்டும் பாய். கையை வீசி நடக்கிற பையன்."

இது உலகம் முழுக்க இருக்கிற மூடநம்பிக்கை. அக்குள் பக்கம் எவ்வளவு இறக்கமாக வெட்டுகிறோமோ அவ்வளவு தாராளமாகக் கை அசையும் என்று நினைக்கிறோம். உண்மை நேரெதிர். ஆம்ஹோல் அக்குளை ஒட்டி உயரமாக இருந்தால் கை மட்டும் அசையும், கோட் அசையாது. இறங்கியிருந்தால், பஸ் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கும்போது மொத்தக் கோட்டும் கூடவே எழுந்து வந்து காதை விசாரிக்கும்.

சட்டைக் கை கோட்டுக்கு வெளியே அரை இஞ்ச் தெரிய வேண்டும் என்று பாய் சொன்னதுதான் நம்மவரை ரொம்பப் புண்படுத்தியது. "இம்புட்டு காசு குடுத்து கோட் வாங்கி, சட்டை தெரியணுமா?"

அப்படி இப்படி என்று கையை மட்டும் குறைத்து, இடுப்பைப் பிடித்து, கோட் பள்ளிக்கூடம் போனது. பயிற்சி கொடுக்கும் ஹவில்தார் ஒரு சுற்று சுற்றி வந்தார். பக்கத்தில் நின்ற நம்மவரைப் பார்த்து, "கோட் வந்துருச்சு. கேடட் எப்ப வருவார்?" என்று கேட்டார். விறைப்பாகச் சாவ்தானில் நின்ற மொத்தத் துருப்பும் ஆடிப்போனது. அன்று சாயங்காலமே 38 திரும்பக் கடைக்குப் போயிருக்கும். கையை ஏற்கனவே குறைத்துவிட்டதால் கடைக்காரர் தொட மறுத்துவிட்டார். மறுபடியும் பாய்தான். இந்த முறை புதுத் துணி.

இங்கே நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நம்மவர் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. பதின்மூன்று, பதினாலு வயதுப் பையன் வேகமாக வளரும் வருடத்தில் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் எழும்பிவிடுவான். அதிலும் கையும் காலும் முந்திக்கொள்ளும். உடம்பு பிறகுதான் நிரம்பும். ஆகவே முதலில் பற்றாமல் போவது கை. அதைப் பாய் நம்மவரைவிட நன்றாக அறிவார். இன்றைய அளவுக்குக் கோட்டைத் தைத்தார். கை முனையில் இரண்டு இஞ்ச் துணியை உள்ளே மடித்துவிட்டார். பக்கத் தையலிலும் முதுகு நடுத் தையலிலும் ஒரு இஞ்ச் விட்டு, லைனிங்கிலும் இழுப்பு வைத்தார். பையன் வளர வளரப் பிரித்துக்கொள்ளலாம். கை முனையில் காஜா எடுக்காமல் சும்மா பட்டன் மட்டும் வைத்தார். காஜா எடுத்துவிட்டால் அப்புறம் இறக்க முடியாது. எதிர்காலம் மொத்தமும் உள்பக்கம் இருக்கிறது, வெளியே ஒரு சுருக்கம் இல்லை. இதைத்தான் தொழில் என்பது. நம்மவர் உள்ளே புரட்டிப் பார்த்து, விட்ட துணியை விரலால் அளந்து, "இன்னொரு இஞ்ச் விட்டிருக்கலாம்" என்றார்.

பையன் டெல்லி போய் வந்தான். மதுரைப் பிள்ளைக்கு ஜனவரி டெல்லி எப்படி இருக்கும்? உள்ளே தெர்மல், அதன் மேல் சட்டை, அதன் மேல் கையில்லாத ஸ்வெட்டர், அதற்கும் மேல் பிளேசர் என்று போட்டானாம். "கொஞ்சம் டைட்டாத்தான்பா இருந்துச்சு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். போதாதா? நம்மவர் வெற்றிக் கொடியோடு பாய் கடைக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "நான் அப்பவே சொன்னேன், 38!"

அந்த 38-ஐ வீணாக்க நம்மவருக்கு மனமில்லை. அடுத்த வருடம் அவர் மகளும் என்.சி.சி.யில் சேர்ந்தாள். அலமாரியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த கோட்டை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு பாயிடம் வந்தார். ஆண்கள் கோட்டில் காஜா இடப்பக்கம், பெண்கள் கோட்டில் வலப்பக்கம்; வெட்டின காஜாவை ஒட்டவைக்க முடியாது என்று பாய் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். மார்புக்கு டாட் பிடிக்க வேண்டும், இடுப்பு வேறு இடத்தில் விழும் என்றும் சொன்னார். நம்மவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அதெல்லாம் சரி பாய், வளர்ற பிள்ளை" என்றார். அந்தப் பெண் மட்டும், "பாய், எனக்கு என் அளவுக்குத் தைங்க. உள்ளே துணி விடுங்க, போதும்" என்றாள். பாய் அளவு நோட்டைத் திறந்துவிட்டார். நம்மவரை அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் டெல்லி போகும் பிள்ளை இருந்தால் தோள் சரியாக இருக்கும் கோட்டைப் பார்த்து எடுங்கள். கையையும் இடுப்பையும் பாய் பார்த்துக்கொள்வார். டிசம்பர் கடைசியில் போய் நின்று அவசரப்படுத்தாதீர்கள். சித்திரையில் போகவே வேண்டாம். அழகர் வேலை தலைக்கு மேல் இருக்கும்.