காற்று எத்தனை மணிக்கு?

கேள்வி: வானிலை அறிக்கையில் மாலுமிகளுக்கு எவ்வளவு விவரம்தான் வேண்டும்?

பதில்: கொஞ்சம் போதும், குழப்பம்தான் கூடாது! பிபிசி வானொலியின் கப்பல் வானிலை அறிக்கையைப் பாருங்கள். பிரிட்டனைச் சுற்றிலும் 31 கடற்பகுதிகள். அத்தனைக்கும் சேர்த்து 350 சொற்களுக்குள். நள்ளிரவு தாண்டி வரும் அறிக்கைக்கு மட்டும் 380. நம்மூர் மேடையில் வரவேற்புரைக்கே இது பத்தாது! காற்று, அலை, மழை, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்பதோடு சரி. ஆனால் நேரத்தில் கறார். சூறைக்காற்று 'உடனடி' என்றால் 6 மணி நேரத்துக்குள். 'விரைவில்' என்றால் 6 முதல் 12. 'பிறகு' என்றால் அதற்கும் மேல். கரைக்குத் திரும்புவதா, ஆழ்கடலுக்கு விலகுவதா என்று மாலுமி முடிவெடுப்பது இந்த மணிக்கணக்கை நம்பித்தான்.