வெயிலுக்கு வந்த வழக்கு

கேள்வி: பழைய ஸ்டேடியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டும்போது அக்கம்பக்கத்தார் எதிர்த்தால் ஜெயிப்பது யார்?

பதில்: செல்சி கால்பந்து கிளப்பைக் கேளுங்கள். லண்டனில் 1877-இல் திறந்த ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில்தான் அவர்கள் ஆடுகிறார்கள். சுமார் 41,000 பேர் உட்காரும் அந்த இடத்தில் 60,000 பேரை உட்காரவைக்கத் திட்டம் போட்டார்கள். கிளப்பின் அப்போதைய முதலாளி அப்ரமோவிச், பணத்துக்கா பஞ்சம்? 2017-இல் அனுமதியும் கிடைத்தது. ஆனால் பக்கத்து வீட்டுக் குடும்பம் ஒன்று, ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கிறார்கள் என்று கோர்ட்டுக்குப் போய்விட்டது! சிரிக்காதீர்கள். அங்கே 20 வருடம் தடையில்லாமல் ஜன்னலில் வெளிச்சம் விழுந்தால், அது சட்டப்படி உங்கள் உரிமை. (லண்டன் வெயிலுக்கா சண்டை என்கிறீர்களா? கிடைக்காத பொருளுக்குத்தானே வழக்கே வரும்!)

2018 ஜனவரியில் உள்ளூர் கவுன்சில் கிளப்புக்குக் கைகொடுத்தது. நஷ்டஈடு வாங்கிக்கொள்ளலாம், கட்டடத்தை நிறுத்த முடியாது என்று தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி வழிசெய்தது. ஒரு குடும்பத்தின் ஜன்னலுக்காக நகரசபையே கூடி முடிவெடுத்தது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. சரி, கிளப் ஜெயித்துவிட்டது என்று நினைத்தால், மே மாதம் அவர்களே முதலீட்டுச் சூழல் சரியில்லை என்று திட்டத்தைக் கிடப்பில் போட்டார்கள். அனுமதி 2020-இல் காலாவதியானது. செல்சி இன்னும் அதே பழைய மைதானத்தில்தான் ஆடுகிறது.