தஞ்சாவூருக்குத் தனியாகப் போவது எப்படி?

தனியாகப் பயணம் போக முதலில் தேவைப்படுவது ஒரு நல்ல காரணம். ஊரைப் பார்க்க வந்தேன் என்பதெல்லாம் காரணமில்லை. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ஒருவர் ஒற்றையாளாக வந்தால் பரிகாரத்துக்கு வந்திருக்க வேண்டும், துக்கத்துக்கு வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மனை வாங்க இடம் பார்க்க வந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்றை முடிவுசெய்துகொண்டு பஸ் ஏறுங்கள். பரிகாரம்தான் வசதி. ராகு என்றால் திருநாகேஸ்வரம், சுக்கிரன் என்றால் கஞ்சனூர், சனி என்றால் திருநள்ளாறு என்று ஒன்பதும் அந்த வட்டாரத்திலேயே இருப்பதால், எந்தக் கிரகத்தின் பேரைச் சொன்னாலும் வழி சொல்ல ஆள் உண்டு. அந்தக் கிரகத்தால் தன் மச்சான் பட்ட பாட்டைச் சொல்லவும் ஆள் உண்டு.

அடுத்தது லாட்ஜ். “எத்தனை பேரு சார்?” “ஒருத்தர்தான்.” இந்த இடத்தில் மேனேஜர் பேனாவைக் கீழே வைப்பார். உங்கள் முகத்தில் தெரிவது கடன் தொல்லையா, காதல் தோல்வியா என்று ஆராய்வார். கோயில் ஊர்களில் தனி ஆளுக்கு ரூம் தர யோசிப்பது பழைய வழக்கம். அவரையும் குறை சொல்வதற்கில்லை, ஏதாவது ஆனால் ஸ்டேஷனுக்கு அலைகிறவர் அவர்தான். சிரித்த முகமாக நில்லுங்கள். ரொம்பவும் சிரிக்காதீர்கள், அது இன்னும் மோசம். காலையில் எத்தனை மணிக்கு வெந்நீர் வரும் என்று கேளுங்கள். நாளைக் காலையில் குளிக்கும் உத்தேசம் உள்ள ஆள் என்று தெரிந்ததும் சாவி கைக்கு வந்துவிடும்.

டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் உங்கள் மடி உங்களுடையது இல்லை என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். நிற்பவர்களின் பை, டிபன் கேரியர், சமயத்தில் ஒரு குழந்தை எல்லாம் அங்கே வந்து சேரும். கொடுத்தவர் உங்கள் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். பக்கத்து சீட்டுக்காரர்தான் பார்ப்பார். எந்த ஊரு, தனியாவா வந்தீங்க, என்ன வேலை, கையில எவ்வளவு வரும் என்று வரிசையாகக் கேட்டு முடித்துவிட்டு, “நீங்க எந்தப் பக்கம்?” என்பார். அது திசையைப் பற்றிய கேள்வி இல்லை. அப்பா பேர், குலதெய்வம் என்று சுற்றிக்கொண்டு வந்து ஓர் இடத்தில் நிற்கப் பார்க்கும். இந்தக் கையேடு பரிந்துரைக்கும் பதில்: “ஜன்னல் பக்கம்.”

மற்ற கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவை ஆயிரம் வருஷத்துப் பழக்கம். பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் கோயில் ஆடல்பெண்களான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குடியேற்றிய கணக்கு இருக்கிறது. பேர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்று ஒவ்வொருத்தியைப் பற்றியும் வெட்டியிருக்கிறார்கள். சம்பளமும் உண்டு, ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது 100 கலம் நெல். கல்யாணம் ஆயிற்றா என்பதை மட்டும் மன்னர் கேட்காமல் விட்டிருக்கிறார். பஸ்ஸில் அதையும் கேட்டு முடித்துவிடுகிறார்கள்.

பெரிய கோயிலுக்குள் நுழைந்ததும் தனியாக நிற்கும் உங்களை ஒருவர் கண்டுபிடிப்பார். கைடு இல்லை, காசு கேட்க மாட்டார், அதனால் தப்பிக்கவும் முடியாது. 216 அடி விமானத்தைக் காட்டி, “இதோட நிழல் தரையில விழாதுங்க” என்பார். அவர் அதைச் சொல்லும்போது நீங்கள் இருவரும் நிற்பது அந்த நிழலில்தான். திருத்தாதீர்கள். வெயில் ஏற ஏற நிழல் நகரும். செருப்பில்லாத காலோடு அவரும் நீங்களும் பேச்சை விடாமல் அதோடு நகர்ந்துகொண்டே இருங்கள். உச்சிக் கல் ஒரே கல், 80 டன் என்பார். பல துண்டுகளைச் செதுக்கிப் பொருத்தியது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வது உங்களோடு இருக்கட்டும். நந்தி வளர்ந்துகொண்டே போனதால் முதுகில் ஆணி அடித்து நிறுத்தினார்கள் என்பார். அது நாயக்கர் காலத்து நந்தி. ராஜராஜன் திருப்பணி முடித்தது 1010-இல். நாயக்கர்கள் வந்ததோ ஐந்நூறு வருஷத்துக்கும் பிறகு. ராஜராஜன் காலத்தில் வளர இந்த நந்தியே இல்லை என்று வாய்வரை வரும். விழுங்குங்கள். புத்தகத்தில் இருப்பதை வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம், ஆணிக் கதையை இத்தனை உறுதியோடு சொல்ல அங்கே அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

இதற்குள் ஒரு குடும்பம் உங்கள் கையில் போனைத் திணித்திருக்கும். தனியாக வந்தவர் சும்மாதானே நிற்கிறார்! பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லாரும் படத்தில் விழ வேண்டும், கோபுரமும் முழுசாக விழ வேண்டும். படுத்து எடுங்கள். பதிலுக்கு உங்களை ஒன்று எடுத்துத் தருவார்கள். அதில் நீங்கள் இருப்பீர்கள், கோபுரம் இருக்காது.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மதியத்தில் போய்ச் சேருங்கள். தவறான நேரம், அதனால்தான் சொல்கிறேன். நடை சாத்தியிருக்கும், புல்வெளி மரத்தடியில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், உங்களுக்கும் அங்கேதான் இடம். இதைக் கட்டிய ராஜராஜன் மகன் ராஜேந்திரன் கங்கை வரை படை அனுப்பியவன், கடல் கடந்து கடாரம் வென்றவன். அவன் ஏன் அப்பா கட்டியதைவிடக் குட்டையாகக் கட்டினான் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். “அப்பாவுக்கு மேல போகக் கூடாதுன்னு மரியாதைங்க” என்று ஒரு பெரியவர் முடித்துவைப்பார். பிறகு மெதுவாக, தன் பையன் ஊரில் மூன்று மாடி கட்டிக்கொண்டிருப்பதைச் சொல்வார். அவருடையது ஓட்டு வீடு. பெருமையா வருத்தமா என்று பிரித்துப் பார்க்க முயல வேண்டாம். நாலு மணிக்கு நடை திறக்கிறபோது உள்ளே போகத் தோன்றாவிட்டாலும் வெளிச்சுவரைச் சுற்றிவிட்டு வாருங்கள், சண்டேசருக்குச் சிவன் கொன்றை மாலை சூட்டும் சிற்பம் அங்கேதான் இருக்கிறது.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை உண்டு, கடல் உண்டு, காற்று உண்டு. வருகிறவர்கள் ஜோடி ஜோடியாக வருகிறார்கள், உங்களிடம் ஒருவரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அரை மணி நேரம் போதும்.

திரும்பும்போது பஸ் நண்பர் நம்பர் கேட்பார். கொடுங்கள். ‘கும்பகோணம் பஸ் அண்ணன்’ என்று பதிந்துகொள்ளுங்கள், அவர் உங்களை எப்படிப் பதிந்திருக்கிறார் என்று யோசிக்காதீர்கள். தினமும் பூவோடு காலை வணக்கம் வரும், வைகாசியில் அவர் மகளின் கல்யாணப் பத்திரிகை வரும். போக முடியாவிட்டால் 501 ரூபாய் மொய் அனுப்புங்கள். மொய் நோட்டில் பேரோடு ஊரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், வெறும் பேரை வைத்து அந்த வீட்டில் ஒருவருக்கும் உங்களை அடையாளம் தெரியாது.